பக்கத்து வீட்டுக் குரல்

பிளின்ட்ஸ்டோன்ஸ் என்ற அமெரிக்கக் கார்ட்டூனில் பக்கத்து வீட்டுக்காரி பெட்டி ரபிளுக்குக் குரல் கொடுத்த பெண்மணி யார், அவர் இறந்த நான்காம் நாளே கணவரும் இறந்தார் என்று சொல்கிறார்களே, அது உண்மையா அல்லது உருக்கமாக இருக்கட்டும் என்று யாரோ ஜோடித்ததா என்பது கேள்வி.

உண்மைதான். 1968 அக்டோபர் 13 அன்று அவர் இறந்தார். அக்டோபர் 17 அன்று கணவர் மாரடைப்பால் இறந்தார். ஆனால் இந்த ஒரு தகவலை மட்டும் பிடித்துக்கொண்டு அவர் வாழ்க்கையைக் காவியக் காதலாக எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது அவருடைய இரண்டாவது திருமணம். முதல் திருமணம் பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்து முறிந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தப் பெண்மணி பிடிபடுவார். அதற்கு அவர் செய்த வேலையும் தெரிய வேண்டும்.

பெயர் பியட்ரிஸ் பெனடெரட். அமெரிக்கர்கள் முதல் பெயரை ஓரெழுத்தாகச் சுருக்கித்தான் அழைத்தார்கள். அந்த ஓரெழுத்தைத் தமிழில் எழுதினால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே இங்கே பெனடெரட் என்றே வைத்துக்கொள்வோம்.

1906 ஏப்ரல் 4 அன்று நியூயார்க்கில் பிறந்தவர், வளர்ந்தது சான் பிரான்சிஸ்கோவில். தந்தை துருக்கியிலிருந்து வந்த யூதர், புகையிலை வணிகர். தாய் ஐரிஷ் வழியினர். மகள் கத்தோலிக்கராக வளர்ந்தார். கடை வைத்திருந்தவரின் மகள் இருபது வயதில் கே.எஃப்.ஆர்.சி. என்ற உள்ளூர் வானொலி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1926-இல் வானொலி இன்னும் தவழும் குழந்தை. ஒருவருக்கு ஒரு வேலை என்ற கணக்கெல்லாம் அப்போது கிடையாது. பாடினார், நடித்தார், எழுதினார், நிகழ்ச்சி தயாரித்தார். அறிவிப்பாளராகவும் இருந்தார். பெண் குரல் அறிவிப்புக்கு ஒத்துவராது என்று நிலையத்தார் பலர் நம்பிய காலத்தில் இது சாதாரண விஷயமில்லை. பத்தாண்டு இப்படி ஊறிய பிறகு, 1936-இல் ஹாலிவுட்டுக்கு வந்தார்.

அன்றைய ஹாலிவுட் வானொலியைக் கொஞ்சம் மனக்கண்ணில் கொண்டுவர வேண்டும். என்.பி.சி., சி.பி.எஸ். என்ற இரண்டு பெரிய வானொலி நிறுவனங்களும் 1938-இல் சன்செட் சாலையை ஒட்டிப் புதிய ஒலிபரப்புக் கட்டடங்களைத் திறந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம். நாடகங்கள் எல்லாம் நேரடி ஒலிபரப்பு. அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மூன்று மணி நேர வித்தியாசம் என்பதால், பல நிகழ்ச்சிகளைக் கிழக்குக்கு ஒரு முறை, மேற்குக்கு ஒரு முறை என்று ஒரே நாளில் இரண்டு தடவை நடித்தார்கள். முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் நடுவே வேறு நிகழ்ச்சியின் ஒத்திகைக்கு ஓடுகிறவர்களும் இருந்தார்கள். ஒரே நாடகத்தில் ஒருவரே மாமியாராகவும் வேலைக்காரியாகவும் கடைக்காரியாகவும் பேச வேண்டியிருக்கும். குரலை மாற்றத் தெரிந்தவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. பெயர் மட்டும் கிடைக்காது.

பெனடெரட் அந்த ஓட்டத்தில் முன்வரிசை. ஆர்சன் வெல்ஸ் நாடகங்களில் பேசினார். 'ஃபிப்பர் மக்கீ அண்ட் மோலி' நிகழ்ச்சியில் பெரிய இடத்து அம்மாள் மில்லிசென்ட் கார்ஸ்டேர்ஸ். நகைச்சுவை நடிகர் ஜாக் பென்னியின் நிகழ்ச்சியில் தொலைபேசி நிலையத்துப் பெண் கெர்ட்ரூட் கியர்ஷிஃப்ட். கூடப் பேசும் மேபல் பாத்திரத்துக்கு சாரா பெர்னர் என்ற மற்றொரு குரல் மேதை. பென்னி யாருக்காவது தொலைபேச முயன்றால் போதும், இணைப்புக் கொடுக்க வேண்டிய இந்த இருவரும் அவரைப் பற்றியே வம்பளக்க ஆரம்பித்துவிடுவார்கள். பென்னியின் மானத்தை வாங்கிவிட்டு, கடைசியில் போனால் போகிறதென்று இணைப்புக் கொடுப்பார்கள்.

முதல் திருமணம் இந்தப் பரபரப்புக்கு நடுவில்தான். 1938-இல் ஜிம் பேனனை மணந்தார். அவர் வானொலி அறிவிப்பாளர். நிகழ்ச்சியின் தொடக்கத்திலும் முடிவிலும் கணீரென்று பேசி, நடுவில் சோப்பும் காப்பியும் விற்கும் அந்தக் காலத்து ஆண் குரல்களில் ஒன்று. 1940-இல் ஒரு மகன், பிறகு ஒரு மகள். மனைவிக்கு வேலை ஏறிக்கொண்டே போனது. கணவர் வானொலியோடு நிற்க விரும்பவில்லை. ஆள் உயரம், முகமும் திரைக்கேற்ற முகம். நாற்பதுகளில் படங்களில் நடிக்கத் தொடங்கினார். 1949 வாக்கில் ரெட் ரைடர் என்ற குதிரைவீரன் பாத்திரத்தில் நான்கு படங்கள் செய்தார். 1950-இல் விவாகரத்து நடந்தது.

காரணம் என்ன என்று கேட்பீர்கள். இரண்டு பேருக்கும் நடுவில் நடந்ததை நாம் ஊகித்து நிரப்ப வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான்: ஒரே தொழிலில் தொடங்கிய இருவரில் ஒருவர் குதிரையேறி வெளிப்புறப் படப்பிடிப்புக்குப் போனார், மற்றவர் மைக் முன்னாலேயே நின்றார். 44 வயதில், பத்து வயது மகனோடும் அவனைவிடச் சின்னப் பெண்ணோடும் தனியாக நின்றவர் வேலையை ஒரு நாளும் விடவில்லை. சொல்லப்போனால் அந்த ஆண்டில்தான் அவர் தொலைக்காட்சிக்கே வந்தார்.

அதற்கு முன் கார்ட்டூன் கதையைச் சொல்லிவிடுகிறேன். கேள்வி தொடங்கியதே அங்கேதானே.

1943 முதல் 1955 வரை வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன்களில் பெண் குரல் கேட்டால் பெரும்பாலும் அது பெனடெரட்தான். ட்வீட்டிப் பறவையை வளர்க்கும் பாட்டியின் குரல், கரடிக் குடும்பத்தில் முகத்தில் எந்தச் சலனமும் இல்லாத தாய்க் கரடியின் குரல், 1954-இல் வந்த சூனியக்காரி ஹேசலின் குரல் எல்லாம் அவருடையவை. ஆனால் அந்தப் படங்களின் பெயர்ப்பட்டியலில் தேடினால் அவர் பெயர் இருக்காது. கூடப் பேசிய குரல் நடிகர் மெல் பிளாங்க் பெயர் மட்டும் இருக்கும். சம்பள உயர்வு கேட்ட பிளாங்க்குக்குப் பணத்துக்குப் பதிலாகப் பெயரைத் திரையில் போடுகிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. அப்படிப் பிளாங்க்கின் பெயர் முதலில் வந்தது 1944 ஜனவரியில் வெளியான சிவப்புத் தொப்பிப் பெண் கதையின் கேலிப் படத்தில். பக்ஸ் பன்னிக்கும் ஓநாய்க்கும் நடுவே புகுந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, காது கிழியக் கத்தும் அந்தப் பெண் பிள்ளைதான் படத்தின் உயிர். அவளுக்குப் பேசியவர் பெனடெரட். அவருக்குப் பெயர் இல்லை. பிளாங்க் மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது, அவர் மேதை. ஆனால் 'ஆயிரம் குரல் மனிதர்' என்று அவரைப் புகழும்போது, அந்த ஆயிரத்தில் சில பக்கத்து மைக்கில் நின்ற பெண்மணியுடையவை என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது. 1955-இல் பாட்டியின் குரலும், அடுத்து சூனியக்காரியின் குரலும் ஜூன் ஃபோரே என்ற குரல் நடிகைக்குப் போயின. இன்றைக்கும் பலர் இந்த இரண்டும் ஆரம்பத்திலிருந்தே ஃபோரேயின் குரல்கள் என்றுதான் நினைக்கிறார்கள்.

இனித் தொலைக்காட்சி. ஜார்ஜ் பர்ன்ஸ், கிரேசி ஆலன் தம்பதியின் வானொலி நிகழ்ச்சியில் பக்கத்து வீட்டு பிளாஞ்ச் மார்ட்டனாகப் பேசிவந்தார் பெனடெரட். 1950 அக்டோபரில் அது தொலைக்காட்சிக்கு மாறியபோது அவரும் கூடவே வந்தார். அதனால் ஒரு பெரிய வாய்ப்பு கைவிட்டுப் போனது. வானொலியில் லூசில் பால் நடித்த 'மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்' நிகழ்ச்சியில் பெனடெரட்டுக்கும் கேல் கோர்டனுக்கும் முதலாளி தம்பதி வேடம். அதன் வாரிசாக 1951-இல் 'ஐ லவ் லூசி' தொடங்கியபோது, பக்கத்து வீட்டுத் தம்பதியாக இவர்கள் இருவரும்தான் வேண்டும் என்று லூசில் பால் ஆசைப்பட்டார். பெனடெரட் பர்ன்ஸ் ஒப்பந்தத்தில் இருந்தார். அந்தப் பக்கத்து வீட்டு மனைவி எத்தலின் வேடம் விவியன் வேன்ஸுக்குப் போயிற்று. 1954-இல் சிறந்த துணை நடிகைக்கான எம்மி விருதுக்கு பெனடெரட் பரிந்துரைக்கப்பட்டார். வென்றவர் அதே எத்தல் வேடத்துக்காக விவியன் வேன்ஸ். அடுத்த ஆண்டும் பரிந்துரை வந்தது, விருது வரவில்லை.

திருமணங்களைப் பற்றிய கேள்வி என்பதால், பிளாஞ்ச் மார்ட்டனின் திருமணத்தையும் சொல்லாமல் விட முடியாது. எட்டு ஆண்டு ஓடிய அந்த நிகழ்ச்சியில் பிளாஞ்ச் மாறவில்லை, அவளுடைய கணவன் ஹாரியாக மட்டும் நான்கு நடிகர்கள் மாறினார்கள். ஹால் மார்ச், ஜான் பிரவுன், ஃப்ரெட் கிளார்க், லாரி கீட்டிங். மூன்றாமவர் நான்காமவருக்கு இடம் விட்ட விதம் 1953-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி பார்த்த மிக விநோதமான காட்சிகளில் ஒன்று. ஹாரி மேல் கடுங்கோபத்தில் இருக்கிறாள் பிளாஞ்ச். அவன் தலையில் போடுவதற்குக் கையில் ஒரு பொருளை ஓங்கிக்கொண்டு நிற்கிறாள். அந்த நேரம் பர்ன்ஸ் மேடைக்கு வந்து காட்சியை நிறுத்துகிறார். கிளார்க் பிராட்வே நாடகத்துக்குப் போகிறார், இனி இவர்தான் ஹாரி என்று பார்வையாளர்களிடம் சொல்லி கீட்டிங்கை அறிமுகம் செய்கிறார். புது நடிகரும் பெனடெரட்டும் நாகரிகமாக ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்கிறார்கள். சரி, தொடருங்கள் என்கிறார் பர்ன்ஸ். விட்ட இடத்திலிருந்து சண்டை தொடங்குகிறது. புதுக் கணவனுக்குப் பழைய கணவனின் அடி. எழுத்தில் சொன்னால் அசட்டுத்தனமாக இருக்கும், பார்த்தால் வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். கோபத்திலிருந்து மரியாதைக்கும், மரியாதையிலிருந்து கோபத்துக்கும் ஒரு நொடியில் தாவும் அந்த லாகவம் வானொலியில் பழகியது.

1958-இல் கிரேசி ஆலன் ஓய்வு பெற்றார், நிகழ்ச்சி முடிந்தது. அதே ஆண்டு பெனடெரட் யூஜின் டுவாம்ப்ளியை மணந்தார்.

டுவாம்ப்ளி ஒலி விளைவுக்காரர், ஜாக் பென்னி நிகழ்ச்சியில் வேலை செய்தவர். இந்தத் தொழிலை இன்று கணினியில் பொத்தான் அழுத்துகிறவர்களோடு ஒப்பிட்டால் அது அநியாயம். வானொலி நாடகத்தில் கதவு திறந்தால் அவர் ஒரு கதவைத் திறப்பார். அதற்கென்றே சட்டத்தில் பொருத்திய சின்னக் கதவு இருக்கும். குதிரை ஓடினால் தேங்காய்ச் சிரட்டை. பனியில் நடந்தால் பையில் கட்டிய சோள மாவு. தீ எரிந்தால் கசக்கிய செலோஃபேன் தாள். பென்னி நிகழ்ச்சியில் கருமி பென்னி தன் பணப் பெட்டகத்தைப் பார்க்க நிலவறைக்கு இறங்கும் காட்சி அடிக்கடி வரும். படிக்கட்டில் எதிரொலிக்கும் காலடி, சங்கிலி, பூட்டு, இன்னொரு பூட்டு, எச்சரிக்கை மணி. வசனமே இல்லாமல் வீடுவீடாகச் சிரிக்க வைத்த காட்சி அது. கையில் பிரதியை வைத்துக்கொண்டு, நடிகர் மூச்சை இழுப்பதைப் பார்த்து, சரியாக அந்த இடத்தில் கதவைச் சாத்த வேண்டும். அரை நொடி முந்தினால் நகைச்சுவை செத்தது, பிந்தினாலும் செத்தது. ஒலி சதி செய்தால் என்ன ஆகும் என்பதற்கு மெல் பிளாங்க் சொல்லும் கதை ஒன்று உண்டு. பென்னியின் பழைய மேக்ஸ்வெல் காருக்கு வைத்திருந்த ஒலித்தட்டு ஒரு நாள் நேரத்துக்கு ஒலிக்காமல் போக, பிளாங்க் மைக்குக்குப் பாய்ந்து கர்புர்ரென்று வாயாலேயே காரை ஓட்டினார். அதன் பிறகு அந்தக் காருக்கு அவர்தான் குரல்.

ஆக, முதல் கணவர் தன் பெயரைச் சொல்லி அறிமுகமாகும் குரல். இரண்டாம் கணவர் குரல்கூட இல்லை, குரலுக்குப் பின்னால் சாத்தும் கதவு. நான் சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் முப்பது ஆண்டுகள் அடுத்தவரின் வசனத்துக்கு இடம் விட்டு, அடுத்தவரின் சிரிப்புக்கு நேரம் கணித்து வாழ்ந்த பெண்மணி, 52 வயதில் அதையே தொழிலாகச் செய்யும் ஒருவரைத் துணையாகக் கொண்டதில் எனக்கு வியப்பில்லை.

பெட்டி ரபிள் வந்தது அதற்கு இரண்டு ஆண்டு கழித்து. 1960 செப்டம்பர் 30 அன்று பிளின்ட்ஸ்டோன்ஸ் தொடங்கியது. கதாநாயகன் ஃப்ரெட்டாக ஆலன் ரீட், அவன் மனைவி வில்மாவாக ஜீன் வேண்டர் பில், பக்கத்து வீட்டு பார்னியாக மெல் பிளாங்க், பார்னியின் மனைவி பெட்டியாக பெனடெரட். நால்வருமே வானொலியில் பழுத்தவர்கள். யார் வில்மா, யார் பெட்டி என்பதைப் பெண்கள் இருவரிடமே விட்டார்களாம். வேண்டர் பில் வில்மா வேண்டும் என்றார், பெனடெரட் மறுபேச்சில்லாமல் பெட்டியை எடுத்துக்கொண்டார். மறுபடியும் பக்கத்து வீடு! இதில் ஒரு வேடிக்கை, அதே ஆண்டு 'பீட்டர் லவ்ஸ் மேரி' என்ற தொடரில் அவர் ஏற்ற வீட்டுப் பணிப்பெண் வேடத்தின் பெயர் வில்மா. கேபிள் வந்த புதிதில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் பெட்டியைப் பார்த்தவர்களுக்கு வசனம் மறந்திருக்கும், வாயை மூடிக்கொண்டு அவள் சிரிக்கும் அந்தக் கீச்சுச் சிரிப்பு மறந்திருக்காது. அது எழுத்தாளர் எழுதித் தர முடியாதது.

பக்கத்து வீட்டிலிருந்து நடுவீட்டுக்கு அவரைக் கொண்டுவந்தவர் தொடர் எழுத்தாளர் பால் ஹென்னிங். பர்ன்ஸ் நிகழ்ச்சிக்கு எழுதிய நாளிலிருந்து பழக்கம். 1962-இல் ஹென்னிங்கின் 'பெவர்லி ஹில்பில்லீஸ்' தொடர் தொடங்கும்போது பாட்டி வேடத்துக்கு பெனடெரட் ஆசைப்பட்டார், சோதனைக் காட்சியிலும் நடித்தார். அதே வேடத்துக்கு வந்த ஐரீன் ரயனைப் பார்த்ததும், இவர்தான் உங்கள் பாட்டி என்று தானே சொல்லிவிட்டார். தனக்கு உறவுக்காரி பேர்ல் வேடத்தை வாங்கிக்கொண்டார். ஹென்னிங் அடுத்த ஆண்டே அவருக்கென்று 'பெட்டிகோட் ஜங்ஷன்' தொடரை உருவாக்கினார். ரயில் பாதை ஓரத்தில் ஒரு சின்ன விடுதி, அதை நடத்தும் விதவைத் தாய் கேட் பிராட்லி, மூன்று பெண்கள். 1963 செப்டம்பர் 24 அன்று அது தொடங்கியபோது பெனடெரட்டுக்கு 57 வயது. கதையின் நடுவில் அவர் நின்றது அப்போதுதான். ஓராண்டு இதையும் பெட்டியையும் சேர்த்தே சமாளித்தார். 1964-க்குப் பிறகு பெட்டியின் குரல் ஜெரி ஜான்சனுக்குப் போயிற்று. பேனனுக்குப் பிறந்த மகன் ஜாக், அம்மாவின் தொடரில் சின்னச் சின்ன வேடங்களில் தலைகாட்டினார். பிற்பாடு 'லூ கிராண்ட்' தொடரின் ஆர்ட் டானவனாகத் தன் பெயரிலேயே அறியப்பட்டார்.

1963-இலேயே வழக்கமான பரிசோதனை ஒன்றில் நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்தது. மறு சோதனையில் காணவில்லை. 1967-இல் அது திரும்பி வந்தது, பெரிதாக. நவம்பரில் அறுவைச் சிகிச்சைக்குத் திறந்து பார்த்தவர்கள் அகற்ற முடியாத புற்றுநோய் என்றார்கள். கதிர்வீச்சு முடித்து, 1968 மார்ச் இறுதியில் ஒளிபரப்பான நிகழ்ச்சியில் கேட் வீடு திரும்பினாள். ஆறாம் ஆண்டுப் படப்பிடிப்புக்கும் வந்தார். சில நிகழ்ச்சிகளுக்கு மேல் முடியவில்லை. அக்டோபர் 13 அன்று, 62 வயதில், லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவமனையில் இறந்தார். நான்கு நாளில் டுவாம்ப்ளி. இருவரையும் வடக்கு ஹாலிவுட்டின் வல்ஹாலா கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

அவருடைய கடைசி நிகழ்ச்சி அதற்கும் பிறகுதான் ஒளிபரப்பானது. தேதி அக்டோபர் 26. படப்பிடிப்பின்போது அவரால் கேமரா முன் நிற்க முடியவில்லை. ஆகவே கேட்டின் உடையில் வேறொரு பெண்ணை நிறுத்தி, முதுகுப் பக்கமாக மட்டும் காட்டியிருப்பார்கள். பேசுவது பெனடெரட்.